ஷெல்ஃபிஷ்ல இருக்கற மினரல்ஸும் கேன்சர் தடுப்பும்: எதை முதல்ல செய்யணும், எங்கே நிறுத்தணும்

ஜிங்க் கேன்சரை தடுக்கும், செலினியம் கேன்சரை தடுக்கும்னு எங்கயோ படிச்சுட்டு நேரா மாத்திரை டப்பா வாங்கிட்டு வந்து நிக்கறவங்களை நிறைய பார்த்துட்டேன். டயட் சார்ட் போட்டுத் தர்றது என் வேலை, அதுல திரும்பத் திரும்ப கண்ணுல படறது ஒண்ணு தான், கடைசியா யோசிக்க வேண்டியதை எல்லாரும் முதல்ல செய்யறாங்க. அதனால இங்க வரிசை தான் முக்கியம், ஒரு ஸ்டெப்பை தாண்டி அடுத்ததுக்கு போகாதீங்க.

ஷெல்ஃபிஷ்னு இங்க நான் சொல்றது ரெண்டு கூட்டம். ஒண்ணு ஓடு ரெண்டா திறக்கற சிப்பி வகை, அதாவது ஆய்ஸ்டர், மட்டி, மஸ்ஸல். இன்னொண்ணு நண்டு, இறால், லாப்ஸ்டர். ரெண்டுலயும் சத்தும் வேற, ஆபத்தும் வேற, போகப் போக புரியும்.

## 1. கையில என்ன என்ன வேணும்

நீங்க இப்போ சாப்பிடற எல்லா மாத்திரை, பவுடர், சத்து பானம் டப்பாக்களும் வேணும், லேபிளோட. கடைசியா எடுத்த ரத்த ரிப்போர்ட், அதுல லிவர், கிட்னி, யூரிக் ஆசிட், ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு சேமிப்பை காட்டற நம்பர்) இருந்தா நல்லது. ஒரு கிச்சன் தராசு. முடிஞ்சா குத்திப் பார்க்கற ஃபுட் தெர்மாமீட்டர்.

தராசு எதுக்குன்னா, கீழே வர்ற கணக்கெல்லாம் 85 கிராம் சதைக்கு, பெரும்பாலும் வெந்தது, ஓட்டோட நிறுத்தா கணக்கு தலைகீழாயிடும்.

## 2. முதல்ல உங்களுக்கு ஆகுமான்னு பாருங்க

இதை முதல்ல வைக்கறதுக்கு காரணம், இந்த விஷயத்துல ஆர்வமா வர்றவங்கள்ல பாதி பேரு ஏற்கனவே கேன்சர் ட்ரீட்மென்ட்ல இருக்கறவங்க, இல்ல அவங்க வீட்டு ஆளுங்க. அவங்களுக்கு தான் பச்சை சிப்பி ரொம்ப ஆபத்து.

விப்ரியோ வல்னிஃபிகஸ்னு ஒரு பாக்டீரியா வெதுவெதுப்பான கடல் தண்ணியில இருக்கும், சிப்பி தண்ணியை வடிகட்டி சாப்பிடற உயிர்ங்கறதால உள்ள சேர்ந்துடும். இந்த தொற்று வந்தவங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் இறந்து போறாங்க. லிவர் வியாதி, சுகர், கீமோவால எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க, உடம்புல இரும்பு அளவுக்கு மீறி சேர்ற ஹீமோக்ரோமடோசிஸ் உள்ளவங்க, இவங்களுக்கெல்லாம் ரிஸ்க் இன்னும் அதிகம். கெட்டுப்போன வாசனையும் வராது, கலரும் மாறாது. எலுமிச்சை பிழிஞ்சாலும் காரசாரமா சாஸ் ஊத்தினாலும் கூட மது குடிச்சாலும் அது சாகாது, சூடு மட்டும் தான் கொல்லும்.

தைராய்டு கேன்சருக்கு ரேடியோ அயோடின்ங்கற கதிர்வீச்சு மருந்து எடுக்கப் போறவங்க தனி. அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு வாரம் அயோடினை ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்கு கீழே வைக்கச் சொல்லுவாங்க, ஏன்னா உடம்புல ஏற்கனவே அயோடின் நிறைஞ்சிருந்தா மருந்தை தைராய்டு செல் சரியா இழுக்காது. 85 கிராம் ஆய்ஸ்டர்லயே 90 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கு. அந்த நாட்கள்ல கடல் உணவே வேண்டாம்.

யூரிக் ஆசிட் ஏறி மூட்டு வீங்கற கவுட் இருக்கறவங்க, அலர்ஜி இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க. அலர்ஜி பத்தி ஒரு வார்த்தை: நண்டு இறால் அலர்ஜிக்கு முக்கிய காரணம் ட்ரோபோமயோசின்ங்கற புரதம், அயோடின் இல்ல. சிடி ஸ்கேனுக்கு முன்னாடி "எனக்கு இறால் ஒத்துக்காது, அதனால அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் ஊசி வேண்டாம்"னு தேவையில்லாம பயந்து ஸ்கேனை தள்ளிப் போடறவங்க இருக்காங்க. அலர்ஜி இருக்குன்னு சொல்லிடுங்க, முடிவை டாக்டர் எடுக்கட்டும்.

## 3. எதிர்பார்ப்பை அளவா வைங்க

இந்த ஸ்டெப்பை எல்லாரும் தாண்டிடுவாங்க, ஆனா மிச்சது எல்லாமே இதுல தான் நிக்குது.

முதல்ல ஏன் இந்த நம்பிக்கை வந்துச்சுன்னு பார்ப்போம். மனுஷ உடம்புல செலினியத்தை வச்சு செய்யற புரதங்களுக்கு 25 ஜீன் இருக்கு, அதுல சிலது செல்லுக்குள்ள உண்டாகற பெராக்ஸைடு மாதிரி டேமேஜ் பண்ற பொருளை சுத்தம் பண்ணுது. ஜிங்க் இல்லாம டிஎன்ஏவை ரிப்பேர் பண்ற பல புரதங்கள் நிக்காது, கட்டி வளர விடாம தடுக்கற பி53 புரதம் டிஎன்ஏவை பிடிக்கற வடிவத்துல இருக்கவே ஒரு ஜிங்க் அணு வேணும். காப்பரும் ஜிங்கும் சேர்ந்து ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம்ல வேலை செய்யுது. இதெல்லாம் உண்மை தான்.

ஆனா ஒரு மினரல் இல்லாம வேலை நடக்காதுங்கறதுக்கும், அதை நிறைய போட்டா வேலை நிறைய நடக்கும்ங்கறதுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு. செலினியம் புரதங்கள் எல்லாம் நிறைஞ்ச பிறகு மேல போடற செலினியத்தால புதுசா எதுவும் உருவாகாது. ட்ரயல்களும் அதை தான் காட்டிச்சு.

1996ல வந்த ஒரு ட்ரயல்ல, ஏற்கனவே தோல் கேன்சர் வந்த 1,312 பேருக்கு தினம் 200 மைக்ரோகிராம் செலினியம் ஈஸ்ட் இல்லேன்னா டம்மி மாத்திரை கொடுத்தாங்க. எதுக்காக ஆரம்பிச்சாங்களோ அந்த தோல் கேன்சர் குறையல, ஆனா ப்ராஸ்டேட், நுரையீரல், குடல் கேன்சர் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சது. உடனே உலகம் பூரா செலினியம் அலை. அதை உறுதி பண்ணிப் பார்க்கத் தான் செலெக்ட்ங்கற ட்ரயலை 2001ல ஆரம்பிச்சாங்க, 35 ஆயிரத்துக்கும் மேல ஆண்கள். 2008ல மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டாங்க, ப்ராஸ்டேட் கேன்சர் குறையவே இல்ல. பிறகு 2014ல வந்த அலசல்ல, உடம்புல ஏற்கனவே செலினியம் அதிகமா இருந்தவங்க இன்னும் செலினியம் எடுத்தப்போ தீவிரமான வகை ப்ராஸ்டேட் கேன்சர் அதிகமாச்சுன்னு தெரிஞ்சது. 1996 ட்ரயலோட ஆளுங்களையே மறுபடி அலசினப்போ ஒரு வகை தோல் கேன்சர் கூடியிருந்தது.

எதிர்பக்கம் ஒரு ட்ரயலும் இருக்கு. சீனாவுல லின்ஷியன்ங்கற இடத்துல, சத்துக்குறைவு ரொம்ப இருந்த ஜனங்களுக்கு செலினியம், பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மூணையும் சின்ன அளவுல சேர்த்துக் கொடுத்தாங்க, அங்க வயிற்றுக் கேன்சர் சாவு குறைஞ்சது. மூணு சேர்ந்ததுங்கறதால செலினியத்துக்கு மட்டும் பேரு கொடுக்க முடியாது.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. குறையா இருந்தவங்களுக்கு நிரப்பினப்போ பலன் கிடைச்ச மாதிரி இருக்கு, நிறைஞ்சவங்களுக்கு மேல ஊத்தினப்போ பலன் இல்ல, சிலருக்கு கேடு. ஜிங்க்லயும் ஒரு எச்சரிக்கை இருக்கு, 2003ல வந்த ஒரு பெரிய ஆய்வுல தினம் 100 மி.கி.க்கு மேல ஜிங்க் மாத்திரை போட்ட ஆண்கள்ல முற்றின ப்ராஸ்டேட் கேன்சர் ரெண்டு மடங்குக்கு மேல இருந்தது. மாத்திரை தான் காரணம்னு அது நிரூபிக்கல, ஆனா "சும்மா போட்டு வைப்போம், என்ன ஆயிடும்"ங்கறதுக்கு அது நல்ல பதில்.

அதனால ஷெல்ஃபிஷ் சாப்பிட்டா கேன்சர் வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இங்க நாம செய்யப் போறது, குறை இருந்தா சாப்பாட்டால நிரப்பறது, அதோட நிறுத்தறது.

## 4. ஏற்கனவே உள்ள போறதை கூட்டுங்க

டப்பாக்களை மேஜை மேல வரிசையா வைங்க. ஒவ்வொரு லேபிள்லயும் ஜிங்க், செலினியம், காப்பர் எவ்வளவுன்னு எழுதி கூட்டுங்க.

ஒருத்தர் கொண்டு வந்ததை அப்படியே சொல்றேன்: மல்டிவைட்டமின்ல 15 மி.கி. ஜிங்க், "இம்யூனிட்டி"ன்னு போட்ட மாத்திரையில 25, முடி கொட்டாம இருக்க வாங்கின கேப்சூல்ல 15. மொத்தம் 55. அவரோ ஜிங்க் பத்தாதுன்னு ஆய்ஸ்டர் எக்ஸ்ட்ராக்ட் கேப்சூலும் வாங்கலாமான்னு கேட்டுட்டு இருந்தார். மூணு டப்பாவுக்கும் முன்பக்கம் வேற வேற பேரு, பின்பக்கம் எல்லாத்துலயும் அதே ஜிங்க்.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க அளவுகளை வச்சுக்கோங்க. ஜிங்க் ஒரு நாளைக்கு ஆணுக்கு 11 மி.கி., பெண்ணுக்கு 8, தாண்டக்கூடாத எல்லை 40. ஐரோப்பாவுல அந்த எல்லை 25 தான். செலினியம் தேவை 55 மைக்ரோகிராம், எல்லை அமெரிக்காவுல 400, ஐரோப்பாவுல 2023ல இருந்து 255. காப்பர் தேவை 900 மைக்ரோகிராம், எல்லை 10 மி.கி.

ஜிங்க் எல்லையை 40ல வச்சதுக்கு காரணம் காப்பர். ஜிங்க் மாசக்கணக்கா அதிகமா போனா குடல்ல காப்பரை உள்ள விடாது, பிறகு ரத்தசோகை, கை கால் மரமரப்புன்னு வரும், அதுக்கு யாரும் ஜிங்க் மாத்திரையை சந்தேகப்பட மாட்டாங்க.

மாத்திரையிலயே கூட்டுத்தொகை தேவையை தாண்டிடுச்சா, ஷெல்ஃபிஷ் மூலமா மினரல் ஏத்தற வேலை உங்களுக்கு இல்ல. ருசிக்கு சாப்பிடுங்க. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க.

## 5. எது வேணும்னு பார்த்து வகையை தேர்ந்தெடுங்க

எல்லா ஷெல்ஃபிஷ்லயும் எல்லாமும் இருக்கும்னு நினைக்கறது சாதாரண தப்பு.

ஜிங்க், காப்பர் வேணும்னா ஆய்ஸ்டர் தான், கிட்ட எதுவும் வர முடியாது. பண்ணையில வளர்ந்த ஈஸ்டர்ன்ங்கற இன ஆய்ஸ்டர் பச்சையா 85 கிராம்ல சுமார் 32 மி.கி. ஜிங்க், அதாவது ஆணுக்கு மூணு நாள் தேவை ஒரே தட்டுல. கடல்ல தானா வளர்ந்தது, வெந்ததுன்னு போனா இதைவிட ரெண்டு மடங்கு காட்டற கணக்கும் உண்டு, தண்ணி, இனம், சீசன் எல்லாத்தையும் பொறுத்து மாறும், அதனால தசமப் புள்ளி வரைக்கும் கணக்குப் போட்டு உட்காராதீங்க. இரும்பும் 8 மி.கி. கிட்ட இருக்கு.

செலினியம் வேணும்னா இறாலும் மஸ்ஸலும். 85 கிராம் வெந்த இறால்ல சுமார் 40 மைக்ரோகிராம், மஸ்ஸல்ல 75ஐ தொடும், அதுவே ஒரு நாள் தேவைக்கு மேல. ஆனா இறால்ல ஜிங்க் 1.4 மி.கி. தான், "தினம் இறால் சாப்பிடறேன், ஜிங்க் நிறைய போகுது"ங்கறது சும்மா கனவு. நண்டு நடுவுல நிக்கும், 3 மி.கி. போல.

மாத்திரையை விட இதுல எனக்கு பிடிச்சது, ஜிங்க் மட்டும் தனியா வராம காப்பரும் கூடவே வருது, மேலே சொன்ன அந்த சண்டைக்கு இடம் கம்மி.

## 6. எங்க பிடிச்சது, எந்த பாகம்னு கேளுங்க

சத்தை சேர்க்கற அதே பழக்கம் தான் விஷத்தையும் சேர்க்குது. சிப்பி தண்ணியை வடிகட்டும்போது ஜிங்க் தங்கற மாதிரியே காட்மியம்ங்கற விஷ உலோகமும் தங்கும். காட்மியத்தை சர்வதேச கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு மனுஷனுக்கு கேன்சர் உண்டாக்கும்னு உறுதியான குரூப் 1ல வச்சிருக்கு, அதுல முக்கிய சாட்சி அதை மூச்சுல இழுத்தவங்ககிட்ட இருந்து வந்தது தான், ஆனாலும் கேன்சர் தடுக்கப் போய் அதை வாரத்துக்கு வாரம் சேர்க்கறது அபத்தம்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஐரோப்பிய விதிப்படி சிப்பி வகையில கிலோவுக்கு 1 மி.கி. வரை காட்மியம் இருக்கலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்ற வார எல்லை, உடல் எடை கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம், 60 கிலோ ஆளுக்கு 150. எல்லையை தொடற ஒரு சிப்பி லாட்ல 85 கிராம் சாப்பிட்டா 85 மைக்ரோகிராம், வார எல்லையில பாதிக்கு மேல ஒரே வேளையில காலி. பெரும்பாலான சிப்பியில இவ்வளவு இருக்காது, ஆனா தினம் சாப்பிடலாமாங்கற கேள்விக்கு இந்த கணக்கே பதில். புகை பிடிக்கறவங்களுக்கு புகையிலையில இருந்தும் காட்மியம் போகுது, இரும்புச்சத்து குறைஞ்சவங்க உடம்பு அதை இன்னும் அதிகமா உறிஞ்சும்.

நண்டுல வெள்ளை சதையில கம்மி, ஓட்டுக்குள்ள இருக்கற பழுப்பு பச்சை கலர் கொழகொழப்புல தான் குவிஞ்சிருக்கும். ருசியே அது தான்னு சொல்றவங்களோட நான் சண்டை போடறதில்ல, எப்பவாவது சாப்பிடுங்க, ஆனா "சத்து"ன்னு பேரு வச்சு சாப்பிடாதீங்க.

அடுத்தது சிவப்பு அலை. கடல்ல சில பாசி பெருகற நேரத்துல சிப்பியில சாக்ஸிடாக்ஸின்ங்கற நரம்பு விஷம் சேரும், அது எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது. அதனால நீங்களா பாறையில இருந்து பறிச்சதை விட, தண்ணியை டெஸ்ட் பண்ற இடத்துல இருந்து வந்ததை வாங்குங்க. பாதரசம் பத்தி மட்டும் இங்க கவலை குறைவு, இறால், நண்டு, ஆய்ஸ்டர், மட்டி எல்லாமே அமெரிக்க உணவு, மருந்து அமைப்பான எஃப்டிஏ லிஸ்ட்ல பாதரசம் கம்மியான பக்கம்.

## 7. சமைக்கற வரிசை

முதல்ல பொறுக்கறது. உயிரோட இருக்கற சிப்பி மூடியிருக்கும், திறந்திருந்தா விரலால தட்டுங்க, மெல்ல மூடிக்கும். மூடாதது செத்தது, தூக்கிப் போடுங்க. வாங்கினதை இறுக்கமான கவர்லயும் நல்ல தண்ணியிலயும் வைக்காதீங்க, ரெண்டுலயும் செத்துடும். ஈரத்துணி மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க.

கொதிக்கற தண்ணியில போட்டா, ஓடு திறந்த உடனே எடுக்கற பழக்கம் தான் ரொம்ப பொதுவான தப்பு. திறந்த பிறகு இன்னும் 3ல இருந்து 5 நிமிஷம் கொதிக்கணும், ஏன்னா ஓடு திறக்கறதுன்னா தசை தளர்ந்துடுச்சுன்னு தான் அர்த்தம், நடுவுல சூடு போயிடுச்சுன்னு இல்ல. ஆவியில வேக வச்சா 4ல இருந்து 9 நிமிஷம். ஓடு உரிச்ச ஆய்ஸ்டரை குறைஞ்சது 3 நிமிஷம் கொதிக்க விடுங்க, ஓரம் சுருண்டு வரும். பாத்திரத்தை நிரப்பி அடைக்காதீங்க, நடுவுல இருக்கறது வேகாது. கடைசி வரைக்கும் திறக்காததை கத்தி விட்டு நெம்பிப் பார்க்காம போட்டுடுங்க.

இறால், நண்டு சதை கண்ணாடி மாதிரி இருக்கறது மாறி வெள்ளையா கெட்டியாகணும், தெர்மாமீட்டர் இருந்தா 63 டிகிரி செல்சியஸ்.

வேக வச்சா மினரல் அழிஞ்சுடும்னு பச்சையா சாப்பிடறவங்களுக்கு: ஜிங்கும் செலினியமும் தனிமங்கள், அடுப்பு சூட்டுல அழியாது. கொஞ்சம் தண்ணியில இறங்கும், அவ்வளவு தான். அது கவலையா இருந்தா ஆவியில வேக வைங்க. நண்டு வேக வச்ச தண்ணியை மட்டும் கொட்டிடுங்க, பழுப்பு பாகத்துல இருந்து காட்மியம் அதுல இறங்கும்.

## 8. எவ்வளவு, எத்தனை தடவை

ஆய்ஸ்டர்னா வாரத்துக்கு ஒரு தடவை 85 கிராம் எனக்கு போதும்னு படுது, அன்னைக்கு ஒரு நாள் ஜிங்க் அளவு ஏறினா பயப்பட வேண்டாம், எல்லைங்கறது வழக்கமா தினம் போற அளவுக்கு தான். இறால், மட்டி, நண்டு மாத்தி மாத்தி ஒண்ணு ரெண்டு தடவை. ஒரே வகையை ஒரே இடத்துல இருந்து வாங்கி தினம் சாப்பிடாதீங்க, ஒரு இடத்து தண்ணியில ஏதாவது இருந்தா அது மொத்தமா உங்க உடம்புக்கு வரும்.

எண்ணெய்ல முக்கிப் பொரிச்சு, உப்பு அள்ளிப் போட்டு, கூட மதுவும் வச்சுக்கிட்டு இதை கேன்சர் தடுப்புன்னு சொல்லாதீங்க. மதுவும் அதே குரூப் 1 தான். ஷெல்ஃபிஷ் பிடிக்காதவங்க, சாப்பிடாதவங்க எதையும் இழக்கல, ஜிங்க் பருப்பு, விதை, முட்டை, பால்லயும் இருக்கு. தானியம் பருப்புல இருக்கற ஃபைட்டேட்ங்கற பொருள் கொஞ்சம் ஜிங்க்கை பிடிச்சு வச்சுக்கும், ஊற வச்சா, முளை கட்டினா அது குறையும்.

ஆய்ஸ்டர் ஓட்டுல செஞ்ச கால்சியம் மாத்திரையும் ஆய்ஸ்டர் சதையும் ஒண்ணுன்னு நினைச்சு வாங்கறவங்க இருக்காங்க. ஓட்டுல இருக்கறது சுண்ணாம்பு, ஜிங்க்குக்கு அது உதவாது, சில தயாரிப்புல ஈயம் கலந்திருந்ததும் உண்டு.

## 9. எப்போ நிறுத்தணும், டெஸ்ட் எப்படி

மூச்சுல பூண்டு வாசனை, நகம் உடையறது, முடி கொட்டறது சேர்ந்து வந்தா செலினியம் அதிகமாயிருக்கலாம். முடிக்குன்னு வாங்கின கேப்சூலே முடியை கொட்ட வைக்கற கதை இது தான். டப்பாவை எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க.

ஜிங்க் டெஸ்ட் எல்லாருக்கும் தேவையில்ல, டாக்டர் கேட்டா எடுங்க. காலையில வெறும் வயித்துல, ட்ரேஸ் எலிமெண்ட்டுக்குன்னு இருக்கற தனி ட்யூப்ல எடுக்கணும், சாதா ட்யூப் மூடி ரப்பர்ல இருந்தே ஜிங்க் கலந்துடும். காய்ச்சல், தொற்று இருக்கறப்போ எடுத்தா குறைஞ்ச மாதிரி காட்டும், கீமோ நடுவுல இருக்கறவங்களுக்கும் ரத்தத்துல அல்புமின்ங்கற புரதம் குறைஞ்சவங்களுக்கும் இதே குழப்பம், அந்த நம்பரை வச்சு மாத்திரையை ஆரம்பிக்காதீங்க.

யூரின்ல ஆர்சனிக் டெஸ்ட் சொல்லியிருந்தா, அதுக்கு முன்னாடி நாலஞ்சு நாள் ஷெல்ஃபிஷை நிறுத்திடுங்க. கடல் உணவுல இருக்கற ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன்ங்கற வகை, அது உடம்புல ஒண்ணும் பண்ணாம அப்படியே யூரின்ல வெளிய போயிடும், ஆனா மொத்த ஆர்சனிக் நம்பரை ஏத்திக் காட்டும். ஏற்கனவே சாப்பிட்டுட்டுப் போய் டெஸ்ட் கொடுத்து நம்பர் எகிறியிருந்தா, எப்போ என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லி வகை பிரிச்சுப் பார்க்கற டெஸ்ட்டை கேளுங்க.